புகையிரத அணையில் வளர்ந்த பற்றை

ஏ-9 வீதியால் வவுனியாவுக்கு வடக்கே பயணம் செய்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வீதிக்குப் பக்கமாக உயர்ந்த மண்மேடு ஒன்று நீண்டு கிடக்கும். சில இடங்களில் அது பற்றைக்குள் மறைந்து, பின்னர் மீண்டும் தலைகாட்டும். இடத்தை அறியாத ஒருவர் அதைப் பழைய குளக்கட்டு என்றே நினைத்திருப்பார். அது யாழ்தேவி ஓடிய பாதை.

1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்ட இந்தப் பாதையில், 1990 யூன் மாதத்தில் ஓட்டம் நின்றது. தலைமன்னார்ப் பாதைக்கும் அதே கதிதான். பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. மண்ணணை மட்டும் மிஞ்சியது. போர் முடிந்தபின் பாதை மீண்டும் போடப்பட்டது. 2011இல் ஓமந்தை, 2013இல் கிளிநொச்சி, 2014இல் பளையும் யாழ்ப்பாணமும், 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை, அதே ஆண்டில் தலைமன்னார் என்று வண்டி மீண்டும் போய்ச் சேர்ந்தது.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அணையைக் கவனிப்பார் இல்லை. அங்கே புல் வளர்ந்தது, பற்றை வளர்ந்தது, சில இடங்களில் மரமும் வளர்ந்தது. இதே காலத்தில் நாம் விட்டுவந்த காணிகளிலும் இதுதான் நடந்தது. ஆகவே, அணையில் என்ன முளைத்தது, ஏன் முளைத்தது, அதை எப்படி வெட்ட வேண்டும் என்பதை விளங்கிக்கொண்டால், நமது காணியைத் திருத்தும் வேலை இலகுவாகும். காணிக்குத் திரும்பியவர்களுக்கும், திரும்பும் நாளை இன்னும் எதிர்பார்த்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

கத்தியை எடுக்கு முன்

வேறு எதையும் சொல்லுமுன் இதைச் சொல்ல வேண்டும். உயரமான மண்ணணை எங்கே உண்டோ, அங்கே போர்க்காலத்தில் காவலரண் இருந்திருக்கக்கூடும். காவலரண் இருந்த இடத்தில் மிதிவெடியும் இருந்திருக்கக்கூடும். ஆனையிறவும் முகமாலையும் இதற்குச் சாட்சி. முகமாலையில் போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் மிதிவெடி அகற்றும் வேலை நடந்தது. புகையிரதப் பாதை போடும் வேலையும், வெடிபொருட்களை அகற்றிய பின்னரே தொடங்க முடிந்தது.

பற்றை இங்கே இரண்டு விதத்தில் ஏமாற்றும். எச்சரிக்கைப் பலகையையும் கட்டிய நாடாவையும் அது மூடிவிடும். வேர்களும் சருகும் வெடிபொருளை நிலத்தோடு நிலமாக மறைத்துவிடும். அயலெல்லாம் திருத்தப்பட்டிருக்க ஒரு துண்டு நிலம் மட்டும் பற்றையாகவே கிடந்தால், "ஏன் இதை ஒருவரும் வெட்டவில்லை?" என்று முதலில் கேளுங்கள். சோம்பல்தான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பாதுகாப்பானது என்று உரியவர்கள் அறிவிக்காத நிலத்தில் கத்தி வைக்கவும் வேண்டாம், நெருப்பு வைக்கவும் வேண்டாம். நெருப்பு வைத்தால் வெடி தானாக வெடித்து அழிந்துவிடும் என்பது பிழையான நம்பிக்கை. சில வெடிக்கும், சில வெடிக்காமல் முன்னரிலும் ஆபத்தான நிலையில் கிடக்கும். சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் தொட வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து, மற்றவர்கள் போகாதபடி தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பின்னர், முன்பு நடந்து பழகிய இடத்திலும் கவனம் தேவை. வெள்ளம் மண்ணை மட்டும் இழுத்துக்கொண்டு போவதில்லை.

ஓர் அணையில் மூன்று நிலங்கள்

புகையிரத அணை எப்படிக் கட்டப்படுகிறது? பெரும்பாலும் இரு பக்கமும் கிடங்கு வெட்டி, அந்த மண்ணை நடுவில் குவித்து, இறுக்கி உயர்த்துவார்கள். அதன்மேல் சல்லிக்கல் பரப்பி, சிலிப்பர்க் கட்டையும் தண்டவாளமும் வைப்பார்கள். மழைநீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இடையிடையே மதகுகள் இருக்கும்.

இதனால் சில யார் அகலத்துக்குள்ளேயே மூன்று விதமான நிலங்கள் உண்டாகின்றன. மேலே சல்லிக்கல், நீர் தங்காது, வெயிலில் கொதிக்கும். நடுவே சாய்வு, மண் உண்டு, ஆனால் மழைநீர் ஓடிவிடும். கீழே கிடங்கு, மாரியில் நீர் நிற்கும், கோடையிலும் ஈரம் சற்றுக் காலம் இருக்கும். சல்லிக்கல்லில் எருக்கலை நிற்கும்போது, பத்தடி தள்ளிக் கிடங்கில் கோரை நிற்பது இதனால்தான். ஒரே மழை பெய்தாலும் மூன்று இடத்திலும் மூன்று விதமான செடிகள் வளர்கின்றன. நமது காணியிலும் வரம்பு, மேட்டுநிலம், பள்ளம் என்று இதே வேறுபாடு உண்டு. எல்லா இடத்தையும் ஒரே மாதிரித் திருத்தப் பார்ப்பதுதான் முதல் பிழை.

ஆண்டுதோறும் ஏன் வெட்டினார்கள்?

வண்டி ஓடும் காலத்தில் பாதை பராமரிக்கும் தொழிலாளர்கள் கத்தியும் மண்வெட்டியுமாக அணையில் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அவர்கள் வெட்டுவதில்லை. வளைவிலும் கடவையிலும் சாரதிக்குத் தூரப்பார்வை வேண்டும். பற்றைக்குள் நிற்கும் மாட்டை வண்டி கிட்ட வந்த பின்னர் கண்டு பயனில்லை. ஓடும் வண்டியை நினைத்தவுடன் நிறுத்த முடியாது. சல்லிக்கல்லுக்குள் சருகும் மண்ணும் வேரும் சேர்ந்தால் மழைநீர் வடியாது. நீர் வடியாவிட்டால் அணையின் தலை இளகித் தண்டவாளம் தாழும். கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சல்லிக்கல்லில் புல்லை வேரோடு பிடுங்குவார்கள். சாய்வில் அப்படிச் செய்வதில்லை. பற்றையை வெட்டிப் புல்லை விட்டுவிடுவார்கள். ஆண்டுதோறும் இப்படி வெட்ட வெட்ட, சாய்வு புல்வெளியாகவே நிற்கும். புல்லின் உயிர் நிலத்தோடு ஒட்டிய அடிப்பகுதியில் இருக்கிறது. நுனியை வெட்டினால் அது மீண்டும் வளரும். பற்றைச்செடிக்கோ ஒவ்வொரு வெட்டும் இழப்பு. ஆகவே அடிக்கடி வெட்டும் கத்தி புல்லுக்கு நண்பன், பற்றைக்குப் பகைவன். 1990இல் வண்டி நின்றபோது இந்தக் கத்தியும் நின்றது.

வெட்டு நின்றபின் வந்தவை

வெறுமையான இடத்தில் செடிகள் ஓர் ஒழுங்கில் வருகின்றன. முதல் மாரியில் வருபவை அறுகு, நெருஞ்சி போன்ற புல்லும் பூண்டும். இவற்றின் விதையோ கிழங்கோ மண்ணுக்குள் ஏற்கெனவே காத்திருக்கும். அடுத்து வருபவை எருக்கலை, ஆவரசு, நாயுண்ணி, சூரை, காரை போன்ற பற்றைகள். அதன் பின்னர் விடத்தல், இலந்தை, வேம்பு. பாலை, வீரை, முதிரை போன்ற காட்டு மரங்கள் கடைசியில்தான் வரும். அதுவும் காடு அருகில் இருந்தால் மாத்திரம். பாலையும் வீரையும் மிக மெதுவாக வளர்பவை. இருபது ஆண்டுப் பற்றையைப் பார்த்துக் "காடாகிவிட்டது" என்கிறோம். உண்மையில் அது காட்டின் வாசற்படி மட்டுமே.

இந்த விதைகளைக் கொண்டுவந்தவர் யார்? எருக்கலை விதை பஞ்சோடு காற்றில் வந்தது. முதிரை விதைக்குச் சிறகு உண்டு. நாயுண்ணி, வேம்பு, சூரை ஆகியவற்றின் பழங்களைப் பறவை தின்று, வேறிடத்தில் எச்சமிடும். அதனால்தான் கம்பித் தூணின் அடியிலும் பட்டமரத்தின் அடியிலும் நாயுண்ணியும் வேம்பும் கூட்டமாக முளைக்கின்றன. விடத்தல், சீமைக் கருவேல் ஆகியவற்றின் காய்களை ஆடுமாடு தின்று, சாணத்தோடும் பிழுக்கையோடும் விதைத்துவிடும். கட்டாக்காலி மாடுகள் படுத்த இடமெல்லாம் முள்மரம் முளைத்தது இதனால்தான்.

பாதை போகும் வழியெல்லாம் ஒரே பற்றை வளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் பகுதியில் காடு பக்கத்திலேயே இருப்பதால் காட்டுமரங்கள் உள்ளே வந்தன. ஆனையிறவின் உவர்நிலத்தில் உமரி போன்ற சிலவே தாக்குப்பிடிக்கும். தென்மராட்சியின் மணலில் வடலி வந்தது. வலிகாமத்தின் செம்மண்ணில் ஆவரசும் நாயுண்ணியும் வேம்பும் நின்றன. மன்னார்த் தீவின் மணலில் உடையும் சீமைக் கருவேலும் இடம்பிடித்தன. ஆகவே, வன்னியில் வெற்றி தந்த முறையை மன்னாருக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

வெட்டியது ஏன் மீண்டும் தளிர்க்கிறது?

"ஒருமுறை வெட்டினேன், மாரிக்குப் பிறகு முன்னரிலும் அடர்த்தியாக வந்துவிட்டது" என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். இதில் புதினம் எதுவும் இல்லை. மரத்தின் சேமிப்பு வேரிலும் அடிக்கட்டையிலும் இருக்கிறது. நாம் மேலே வெட்டும்போது கிளையை மட்டுமே எடுக்கிறோம், சேமிப்பைத் தொடவில்லை. ஒரு தண்டு போன இடத்தில், அந்தச் சேமிப்பைக் கொண்டு ஐந்து தளிர் வருகிறது. வேம்பு, நாயுண்ணி, சூரை, சீமைக் கருவேல் எல்லாம் அடியிலிருந்து தளிர்ப்பவை. விடத்தல் ஒரு படி மேலே போய், வேர் ஓடும் இடத்திலும் புதுக்கன்று விடும். பனையும் தென்னையும் மட்டும் இதற்கு மாறானவை. அவற்றின் உயிர் குருத்தில் இருப்பதால், தறித்தால் மீண்டும் தளிர்க்காது.

சேமிப்பு எப்போது குறைவாக இருக்கும்? புதுத்தளிர் விட்டுப் பூக்கும் வேளையில். அப்போது செடி வேரிலிருந்ததைச் செலவழித்துவிட்டு நிற்கிறது. விதைத்து முடித்த கமக்காரனின் கையில் காசும் இல்லை, நெல்லும் இல்லை என்பது போன்ற நிலை அது. அந்த வேளையில் வெட்டினால் செடி தளரும். மாரியில் தளிர்த்துச் செழித்த பற்றையைத் தை, மாசியில் வெட்டினால், ஈரமண்ணில் அடிக்கட்டையைத் தோண்டுவதும் சுகம். தளிர்க்க முயலும் செடியைக் கோடையும் வாட்டும். மீண்டும் தளிர் வந்தால், அது முழங்கால் உயரத்துக்கு வருமுன் மறுபடியும் வெட்ட வேண்டும். ஒரு பெரிய வெட்டிலும், தவறாமல் செய்யும் மூன்று சிறிய வெட்டு மேலானது. இரண்டாம், மூன்றாம் வெட்டை ஆடு செய்யும். இளந்தளிரை ஆடு விரும்பித் தின்னும். ஆனால் நாயுண்ணி இலை ஆடுமாட்டுக்கு நஞ்சு. அதைக் கையால்தான் அகற்ற வேண்டும்.

நெருப்பு இலகுவான வழி போலத் தோன்றும். நெருப்பில் எரிவது புல்லும் சருகும். தப்புவது முள்மரத்தின் அடிக்கட்டை. கடினமான தோலுள்ள சில விதைகள் சூடுபட்ட பின்னர் இன்னும் நன்றாக முளைக்கும். மண்ணுக்குப் போக வேண்டிய பசளை புகையாகப் போய்விடும். முடிவில் பகைவனுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததாகவே ஆகும்.

சாய்விலே மண்ணைப் பிடிப்பது எது?

நமது ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையில் கொட்டித் தீர்க்கிறது. நான்கைந்து மாத வெயிலில் பொடியாகிக் கிடந்த மண்ணில் முதல் மழை அடிக்கிறது. அந்த நேரத்தில் சாய்வு வெறுமையாக இருந்தால், ஒவ்வொரு துளியும் மண்ணைக் கிளப்பும். நீர் கோடு கோடாக அறுத்துக்கொண்டு இறங்கும். கோடு சிறு வாய்க்காலாகும், வாய்க்கால் உடைப்பாகும். புல் இருந்தால் துளி இலையில் விழுந்து வேகம் குறையும். வலைபோன்ற வேர் மண்ணை இறுகப் பிடிக்கும். அறுகம்புல்லுக்கும் வெட்டிவேருக்கும் இந்த வேலை நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மரம் இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். அணையின் முதுகில் அது நல்லதல்ல. பெருமரத்தைக் காற்று ஆட்டும்போது அணையும் சேர்ந்து அசையும். மரம் விழுந்தால் ஒரு வண்டி மண்ணையும் கிளப்பிக்கொண்டு விழும். அதிலும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மரம் செத்தபின் வேர் உக்கிப்போகும். வேர் இருந்த இடம் ஒரு குழாய் போலாகும். புகையிரத அணையில் இதனால் மண் இளகும். குளக்கட்டில் அந்தக் குழாய்வழியே நீர் கசியும், கசிவு மண்ணை அரிக்கும், கடைசியில் கட்டு உடையும். எலிவளையும் உடும்புப் பொந்தும் முள்ளம்பன்றிக் குகையும் இதே தீமையைச் செய்யும். பற்றை அடர்ந்திருந்தால் இந்தப் பொந்துகளை நாம் காணவே மாட்டோம். குளத்தின் உட்புறம் நீரோரத்தில் நின்று அலையைத் தடுக்கும் மருது வேறு. கட்டின் முதுகில் முளைத்த மரம் வேறு.

ஆகவே அணைக்கும், குளக்கட்டுக்கும், வாய்க்கால் கரைக்கும் விதி ஒன்றே: புல்லை வைத்திரு, பற்றையை வெட்டு, மரத்தைக் கன்றிலேயே அகற்று. ஏற்கெனவே பெருமரமாகிவிட்டதென்றால் தறித்துவிட்டு வேரை உக்க விட வேண்டாம். கோடையில் வேரைத் தோண்டியெடுத்து, நல்ல மண்ணைப் படைபடையாகப் போட்டு இறுக்க வேண்டும். சிறுகுளங்களில் இதைக் கமநல சேவை நிலையத்துடனும் கமக்காரர் அமைப்புடனும் கலந்துபேசிச் செய்யுங்கள். தனியொருவர் கைவைக்கும் வேலையல்ல இது. புகையிரத அணையும் அதன் ஒதுக்குநிலமும் புகையிரதத் திணைக்களத்துக்குரியவை. அங்கே நாமாக வெட்டவோ பயிரிடவோ கூடாது.

நமது காணியில்

ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மிதிவெடி இல்லையென்று உறுதியாகிவிட்டது. கையில் சிறிது பணம் உண்டு. ஆவணியில் புல்டோசர் பிடித்து எல்லாவற்றையும் வழித்துத் தள்ளி, குவித்து எரித்துவிடுகிறார்கள். காணி மைதானம் போலத் துப்புரவாகிறது, அயலவர் மெச்சுகிறார்கள். ஐப்பசி மழையில் மேல்மண் பள்ளத்துக்குப் போகிறது. தையில் பார்த்தால் பயிர் நோஞ்சானாக நிற்கிறது. நாயுண்ணியும் விடத்தலும் செழித்து நிற்கின்றன. அது மட்டுமல்ல, பழைய எல்லை எங்கே என்பதும் தெரியவில்லை. பக்கத்துக் காணிக்காரரோடு வழக்குத் தொடங்குகிறது.

இதே குடும்பம் வேறு விதமாகச் செய்திருக்கலாம்.

முதலில் எல்லையைத் தேட வேண்டும். வேலியாக நட்ட கிளுவையும் பூவரசும் இந்த ஆண்டுகளில் மரமாகியிருக்கும். பற்றைக்குள் அவை ஒரே வரிசையில் நிற்கும். தானாக முளைத்த மரம் வரிசை பார்த்து முளைக்காது. அந்த வரிசைதான் எல்லைக்குச் சாட்சி. இரு பக்கத்தாரும் சேர்ந்து பார்த்து உறுதிசெய்யும்வரை அதில் கத்தி வைக்க வேண்டாம். கிணற்றைச் சுற்றிய பற்றையையும் ஆறுதலாகத் திறவுங்கள். கட்டு இடிந்த கிணறு பற்றைக்குள் வாய் திறந்து கிடக்கும்.

இரண்டாவதாக, எதை விடுவது என்று தீர்மானியுங்கள். எல்லையோரத்து வடலி, நிழலுக்கு இரண்டு மூன்று வேம்பு, காற்றுத்தடுப்புக்கு ஒரு வரிசை மரம் ஆகியவை நிற்கட்டும். போரில் எத்தனையோ பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. தானாக வந்த வடலியை நாமும் அழிக்கலாமா? இன்று நட்டால் பயன்தரப் பல ஆண்டு செல்லும் மரம், ஏற்கெனவே பாதி வளர்ந்து நிற்கிறது.

மூன்றாவதாக, இந்த ஆண்டு பயிரிடக்கூடிய அளவு நிலத்தை மட்டும் திருத்துங்கள். வெட்டிப்போட்டுப் பயிரிடாத நிலம் பற்றைக்கு விரித்த பாய். சாய்வான இடத்தில், சரிவுக்குக் குறுக்கே புல்வரி விட்டுத் திருத்துங்கள்.

நான்காவதாக, வெட்டியதை எரிக்க வேண்டாம். பூவரசு, பாவட்டை, ஆவரசு, எருக்கலை, சீமைக்கிளுவை எல்லாம் நல்ல குழை. நம் முன்னோர் வண்டி கட்டிப்போய் வாங்கிவந்து தோட்டத்தில் தாழ்த்தியது இதைத்தான். தடித்த கம்பு விறகுக்கும் வேலிக்கும் உதவும். முள்ளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினால், ஓடும் மண்ணை அது தடுக்கும். பார்த்தீனியத்தை மட்டும் குழையாக்க வேண்டாம். அது பூக்குமுன், கையில் பொலித்தீன் உறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். அது தோலில் கடியையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும்.

ஐந்தாவதாக, சீமைக் கருவேலை மேலே வெட்டி விட்டுவிட வேண்டாம். ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, தளிர்விடும் கழுத்தோடு அடிக்கட்டையை எடுக்க வேண்டும். காய் விழுந்த நிலத்தில் மேலும் சில ஆண்டுகள் கன்று முளைக்கும். ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் ஒருநாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கன்றுகளைப் பிடுங்குங்கள்.

காணி திருத்துவது ஒரு கிழமை வேலை என்று எண்ணித் தொடங்குபவர் களைத்துப்போவார். அணையைத் துப்புரவாக வைத்திருந்தது ஒருநாள் வந்துபோன இயந்திரமல்ல, ஆண்டு தவறாமல் வந்த கத்தி. அது வராமற்போன ஆண்டுகளில்தான் பற்றை நிலத்தைப் பிடித்தது. நமது காணியையும் பற்றை அப்படியே பிடித்தது. நாம் விரும்பி விட்டுவந்ததனால் அல்ல, நிற்க முடியாமற் போனதனால். திரும்பி வந்தவர்கள் மூன்று மாரி பொறுத்து, விடாமல் வெட்டினால் நிலம் கைக்கு வரும். இன்னும் திரும்பாதவர்கள், எல்லை மரங்களையும் கிணற்றையும் பள்ளமேட்டையும் நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வாழ்ந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு வரையுங்கள். பற்றைக்கு முன்னால் போய் நிற்கும் நாளில் முதலில் தேவைப்படப் போவது அந்தத் தாள்தான்.